பூட்டைத் திறக்க வழி வைத்துவிட்டுப் போகட்டும்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறையினருக்கு,

வணக்கம். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, நீங்கள் குறித்த துறைகளில் செல்போனும் ஒன்று. ஆனால் டிஸ்ப்ளே, பேட்டரி, உதிரிபாக விலை இதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பூட்லோடரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போனை ஆன் செய்ததும் முதலில் ஓடி, எந்த மென்பொருளை எழுப்புவது என்று தீர்மானிக்கிற நிரல் அது. அதன் பூட்டைத் திறக்காமல் வேறு ஆண்ட்ராய்டை ஏற்ற முடியாது.

அப்பாவிடம் 2015-இல் வந்த மோட்டோ ஜி. ஆண்ட்ராய்டு 6-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. பூட்டைத் திறக்க, கேபிளால் கணினியோடு இணைத்து, ஃபாஸ்ட்பூட் என்ற கருவியில் கட்டளை கொடுத்தேன். வரிவரியாக நீளமான எண்கள் வந்தன. எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் ஒட்டி நிறுவனத்தின் தளத்தில் போட வேண்டும். எங்கோ ஒரு ஸ்பேஸ் விட்டுப்போய் இரண்டு முறை தவறு என்றது. மூன்றாவது முறை மெயிலில் கோட் வந்தது. திறக்கும்போது போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். அது நியாயம்தான், திருடியவன் நம் படங்களைப் பார்க்கக் கூடாதே! லீனியேஜ் (தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு) ஏற்றியதும் ஆண்ட்ராய்டு 7.1 வந்தது. ஆன் செய்யும்போதெல்லாம் பூட்டு திறந்திருப்பதாக ஓர் எச்சரிக்கை. "வைரஸாடா இது?" என்று அப்பா ஒரு மாதம் கேட்டார்.

என் அடுத்த போன் வேறு நிறுவனத்துடையது, பெயர் வேண்டாம். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போனால், பூட்டைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற வரியே இல்லை. சேவை மையத்தில் கேட்டேன். "புது மாடல் பாருங்க சார்" என்றார்கள்.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டு என்பார்கள். பாதி உண்மை. திறந்த போனில் சில வங்கிச் செயலிகள் ஓட மறுப்பதும் தெரியும். ஆனால் கூகுள் பிக்சலில் பூட்டைத் திறந்து, வேறு இயங்குதளம் ஏற்றி, அதன் டிஜிட்டல் சாவியாலேயே திரும்பப் பூட்டவும் முடிகிறது. மனம் இருந்தால் செய்யலாம்.

கோட் தருவதை ஹுவாவே 2018-இல் நிறுத்தியது. 2021-இல் போன் தொழிலை விட்ட எல்ஜி, அந்த ஆண்டு முடிவோடு திறப்புத் தளத்தையும் மூடியது. அதற்குள் கோட் வாங்காதவர்களுக்கு அந்த வழி போனது போனதுதான்.

அதனால் கேட்கிறேன்: பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்துகிற நிறுவனம், தன் சர்வரின் தயவில்லாமல் வாங்கியவரே பூட்டைத் திறக்கும் வழியைக் கடைசி அப்டேட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இதை விதியாக்குங்கள். திறக்க முடியாத போன் என்றால் பெட்டியிலேயே அச்சிடச் சொல்லுங்கள், எம்ஆர்பி-க்குப் பக்கத்தில்.

என் போன் மேசை டிராயரில் கிடக்கிறது. சார்ஜ் போட்டால் இன்னும் ஒரு நாள் முழுக்க நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர்