அம்மிணிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

போன் பண்ணினால் "ம்", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஆத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி அனுப்பிய பார்சலில் கச்சாயம் இருக்கும், பருப்புப் பொடி அடியில் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு இங்கிலீஷ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ இன்ஜினியரிங் படித்தவள், நான் பிளஸ் டூ. இருந்தாலும் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஆரம்பித்து, துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடுகிற அளவுக்கு வந்தவள் நான். உங்கள் வேலையில் இது சரியில்லை என்று எழுதி வந்தால் என்ன பதில் போடுவது என்று அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2011 ஜனவரி கடைசியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்ததே, அப்போது நீ எட்டாவது. துணி வெளியூருக்குப் போய்ச் சாயமேறி வந்ததில் ஒரு ஆர்டர் தள்ளிப்போனது, நிறமும் லாட்டுக்கு லாட் மாறியது. பையர் காரமாக எழுதிவிட்டார். நான் ராத்திரி உட்கார்ந்து நொய்யல் ஆறு, கோர்ட், கரண்ட் கட் எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். ஒரே வரி திரும்பி வந்தது: எந்தத் தேதி கப்பலேறும்? அதிலிருந்து முதல் மூன்று வரியை நான் மாற்றவே இல்லை. நீங்கள் சொன்னது இது, நாங்கள் பார்த்ததில் தெரிந்தது இது, இந்தத் தேதிக்குள் இதைச் செய்கிறோம். காரணம் அதற்குப் பிறகு, சுருக்கமாக. ஆனால் காரணம் கட்டாயம் இருக்கும், அம்மிணி. அதை விடமாட்டேன்.

நம் ஊரில் எவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் பேச்சு தணிந்துவிடும். இங்கிலீஷில் அதை ஒட்ட வைக்க இடமில்லை. "குட் யூ", "வுட் இட் பி பாசிபிள்" என்பதுதான் அவர்களுடைய 'ங்க'. "ஒய் யூ ஆர் சேயிங் லைக் தட்" என்று கேட்டால் சண்டை. "குட் யூ கிவ் மீ அன் எக்ஸாம்பிள்" என்றால் அதே கேள்விதான், மரியாதையாகப் போய்ச் சேரும். நாம் "ஐ ஹேவ் எ டவுட்" என்று சாதாரணமாகச் சொல்வோம், வெளிநாட்டுக்காரருக்கு அது நம்பவில்லை என்பது போலக் கேட்கும். "கொஸ்டின்" என்று சொல். "ஐ அண்டர்ஸ்டாண்ட்" வேறு, "ஐ அக்ரீ" வேறு. நீங்கள் சொல்வது புரிகிறது என்றால் ஒப்புக்கொண்டதாக ஆகாது. முதலில் அதைச் சொல்லிவிட்டு, "ஐ வுட் லைக் டு ஆட் சம் கான்டெக்ஸ்ட்" என்று உன் பக்கத்தையும் சொல்லலாம். அந்த இடத்தில் "பட்" போடாதே, போட்டால் முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துவிடும்.

"பூர் ஒர்க்மேன்ஷிப்" என்று மொட்டையாக எழுதுகிற பையரிடம், எந்த பீஸ், எந்த இடம், போட்டோ அனுப்புங்கள் என்று கேட்போம். கேட்காமல் சாரி சொன்னால் மொத்த லாட்டும் நம் தலையில் விழும். உங்கள் ஆபீசில் "மோர் ப்ரோஆக்டிவ்" என்று எழுதினால் அதுவும் மொட்டைதான். எந்த வேலையில், எந்த நாளில் என்று கேள். ஐந்தாறு குறை சொன்னால், "விச் ஒன் ஷுட் ஐ ஃபிக்ஸ் ஃபர்ஸ்ட்" என்று கேள். நாங்கள் 3,000 பீஸ் உள்ள லாட்டில் 125 எடுத்துப் பார்ப்போம். பையர் ஒத்துக்கொள்கிற குறை அளவு 2.5 ஏ.க்யூ.எல். என்றால் மேஜர் குறை 7 வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். ஃபெயிலான லாட்டையும் யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. பிரித்துச் சரி செய்து மறுபடி காட்டுவோம்.

ப்ரோஆக்டிவ் என்று எப்படித் தெரியும் என்று நினைப்பாய். போன தடவை வந்தபோது கட்டிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்தபடி தூங்கிவிட்டாய். எடுத்து மேலே வைக்கப் போனவள், உன் வேலையைப் பற்றி ஆபீசிலிருந்து வந்த மெயிலைப் படித்துவிட்டேன். தப்புதான். மூன்று மாதக் கெடு கொடுத்திருப்பதையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. வேலையை விட்டுவிட்டு வா, மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ தனியாகப் பெங்களூர் போய் வேலையில் சேர்ந்ததைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னவள் நான், இன்னும் சொல்கிறேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தமும் இருக்கிறது.

அந்த மெயில் என்னை அவ்வளவு வருத்தவில்லை. கீழே நீ போட்ட பதில்தான். "ஓகே. சாரி. வில் இம்ப்ரூவ்." அவ்வளவுதான்.

அது எனக்குத் தெரிந்த வாக்கியம். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கும்போது "சாரிம்மா, இனிமே நல்லாப் படிக்கிறேன்" என்பாயே, அதேதான். எட்டாவது அரைப் பரீட்சையில் கணக்கில் குறைந்தபோது "அம்மா, அது வந்து…" என்று ஆரம்பித்தாய். காரணம் சொல்லாதே, சாரி சொல்லு என்று கார்டைத் தூக்கிப் போட்டேன். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டர் சொல்லித்தான் உனக்குப் போர்டு தெரியவில்லை என்று தெரிந்தது. நாள் முழுக்க டியூப்லைட்டுக்கு அடியில் ஊசி ஓட்டையும் ஆயில் கறையும் தேடிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியவள், வீட்டுக்கு வந்தும் அதே கண்ணால்தான் உன்னைப் பார்த்திருக்கிறேன். நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்தது மட்டும் தெரியவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை. பையர் கேட்டால் காரணம் எழுதத் தெரிந்த எனக்கு, உன் காரணத்தைக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, சாமி.

அந்தப் பதில் போய்விட்டாலும் பரவாயில்லை, இன்னொன்று எழுதலாம். எம்ப்ளாயி கமெண்ட்ஸ் என்று கட்டம் இருந்தால் காலியாக விடாதே. நேரில் பேசும்போது அழுகை வந்தால் "கேன் ஐ திங்க் அபௌட் திஸ் அண்ட் கம் பேக் டுமாரோ" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடு. அதில் ஒரு வெட்கமும் இல்லை. மூன்று வரி, அப்புறம் காரணம். நேரத்துக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு. "அம்மா, அது வந்து" என்று விட்ட இடத்திலிருந்தே சொல்லு. அரிசிம்பருப்பை முன்னாடியே இறக்கி வைத்துவிடுகிறேன், நடுவில் எழுந்து போகமாட்டேன்.

உன்
அம்மா