வெறுங்கையோடு திரும்புகிறவர்களையும் எண்ணுங்கள்

மருந்துக் கொள்முதலுக்கும் கிடங்குக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். இரத்த அழுத்த மாத்திரைக்காக என் அம்மா சென்ற மாதம் மூன்று முறை எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்துக்குப் போனார். மூன்று முறையும் "தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்" என்றே பதில். உங்கள் அலுவலகத்தில் விசாரித்தால், கிடங்கில் போதிய இருப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மூன்றாம் முறை திரும்பிய அன்று இரவு, அம்மா காய் நறுக்கும் கத்தியால் அம்லோடிபைன் என்ற அந்த இரத்த அழுத்த மாத்திரைகளைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தவை நான்கு. "பாதி பாதியாகப் போட்டால் எட்டு நாளைக்கு வரும்" என்றார். அவருக்கு வயது 72. டர்பனில் இந்திய நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாராக்ஸ் குடியிருப்பிலிருந்து, 1960களில் நிறவெறி அரசால் இங்கே அப்புறப்படுத்தப்பட்ட குடும்பத்துச் சிறுமி அவர். சோற்றை எல்லாருக்கும் வரும்படி பங்கிட்டே வளர்ந்தவர். மருந்தையும் அப்படிப் பங்கிடும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டீர்களே!

சரக்கு வந்துசேர இரண்டு வாரம் ஆகுமென்றால், கையிருப்பு அந்த இரண்டு வாரத் தேவைக்கு மேலே இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டுவிட வேண்டும். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருக்க வேண்டும். எந்த மளிகைக் கடைக்காரருக்கும் இது தெரியும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மருந்து தீர்ந்துபோன மாதத்தில் நிலையம் வழங்கிய அளவு குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைந்த அளவையே தேவை என்று கொண்டால், அடுத்த மாதம் இன்னும் குறைவாகத்தான் வரும். கேட்டும் கிடைக்காதவர்களை எங்காவது எழுதுகிறீர்களா என்று செவிலியரிடம் கேட்டேன். "வாங்கியவர்களை மட்டும்தான்" என்றார். அப்படியானால் என் அம்மாவின் மூன்று நடைகளும் உங்கள் கணக்கில் இல்லை. இப்படி வெறுங்கையோடு திரும்புகிறவர்களையும் எண்ணுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தில் மருந்துக் கடைகள் சூறையாடப்பட்டன. 2022 ஏப்ரலில் வெள்ளம் சாலைகளை அடித்துக்கொண்டு போனது. அப்போதெல்லாம் காரணம் கண்ணெதிரே இருந்தது, பொறுத்துக்கொண்டோம். இப்போது எதைச் சொல்லிப் பொறுப்பது? தண்ணீர், மின்சாரம், மருந்து என எதற்கும் எங்கள் பகுதியினர்தான் காத்திருக்க வேண்டுமா?

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மருந்தின்றித் திரும்புகிறவர்களைப் பதிவுசெய்து, அந்த எண்ணிக்கையையும் தேவையோடு சேர்த்துச் சரக்கு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மா வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரிசையில் நிற்பார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்வாசி ஒருவன்