எங்கள் எழுதுவோர் வட்டத்தின் ஆண்டறிக்கை, கோவில்பட்டி, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்து பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் எழுதுவோர் வட்டத்தின் கூட்டங்கள் இந்த ஆண்டும் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில் நடந்தன. இடம் வழக்கம்போல உறுப்பினர் ஒருவரின் டியூஷன் சென்டர் மாடி. இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது என்ற புகார் சித்திரையில் பலமாக எழுந்தது; ஐப்பசி வந்ததும் தானாக அடங்கிவிட்டது. வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடாத அந்த நண்பருக்கு முதல் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இந்த ஆண்டில் கூட்டம் நடக்கும் முறையையே மாற்றினோம். முன்பெல்லாம் ஒருவர் தம் கதையையோ கவிதையையோ வாசிப்பார். மற்றவர்கள் உடனே குறை சொல்லத் தொடங்குவார்கள். பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. இதற்கு மருந்தாகப் பொன்னாடையும் கைத்தட்டலும் போதும் என்று சிலர் சொன்னார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. படிக்காமல் போர்த்தும் பொன்னாடையால் யாருக்கும் லாபம் கிடையாது, ஜவுளிக் கடைக்காரரைத் தவிர.

புதிய முறை இதுதான். அந்த மாதத்துக்குரிய படைப்பு ஒரு வாரம் முன்பே ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் தரப்படும். கூட்டத்தில் முதலில் பேசும் இருவர், அந்தப் படைப்பில் ‘இதை நான் எழுதியிருக்கக் கூடாதா’ என்று தோன்றிய வரியை எடுத்து வாசித்து, ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்ல வேண்டும். ‘அருமை’, ‘பிரமாதம்’, ‘தொடர்ந்து எழுதுங்கள்’ ஆகிய மூன்றுக்கும் தடை. குறைகள் அதற்குப் பிறகுதான். கடைசியில் எழுதியவருக்கு ஒரு புத்தகம். அதில் அன்றைக்கு வந்திருந்த எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்போம்.

சொல்ல எளிதாக இருக்கிறது. ஒருவரைப் பாராட்டுவதற்கு அவர் எழுதியதை இரண்டு முறையாவது படிக்க வேண்டியிருக்கிறது என்பதால், முதல் இரண்டு மாதங்கள் பேச முன்வர ஆளில்லை.

ஆடி மாதக் கூட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அன்று கதை தந்தவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்பு படிக்கும் ஒரு தங்கை. அச்சில் வண்ணம் பிசகி ஒதுக்கப்பட்ட லேபிள் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் கதையை எழுதியிருந்தார். நாங்கள் எடுத்த ஜெராக்ஸில் மறுபக்கத்து மயிலின் தோகை மங்கலாகத் தெரிந்தது. கதையில் ஒரு தாய் சாப்பிடுவதற்கு முன் கையை மூன்று முறை கழுவுகிறாள். முதல் முறை தீக்குச்சி மருந்து போவதற்கு, இரண்டாவது முறை வாடை போவதற்கு. ‘மூன்றாவது முறை கழுவும்போது அம்மா எதையும் கழுவுவதில்லை, சற்று நேரம் தண்ணீரில் கையை வைத்திருக்கிறாள்’ என்று எழுதியிருந்தார்.

முதலில் பேச வேண்டியவர் ஒரு கூட்டுறவு வங்கி ஊழியர், மரபுக்கவிதை எழுதுகிறவர், இலேசில் மெச்சாதவர். அந்த வரியை வாசித்துவிட்டு, “எங்கள் வீட்டிலும் இதே தொழில்தான். இருபது வருஷம் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லையே” என்றார். இரண்டாமவர் வேறு வரியை எடுத்தார். அதன்பிறகு குறைகளும் வந்தன. முடிவில் முதலாளி மனம் மாறுவது சினிமாத்தனமாக இருக்கிறது என்று நான்கு பேர் சொன்னார்கள். அந்தத் தங்கை முகம் சுளிக்கவில்லை. அடுத்த மாதம் முதலாளியை அடியோடு நீக்கிவிட்டு, கதையை வாரக்கூலி எண்ணும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவந்தார். நம் கையெழுத்துப் பத்திரிகையின் தை இதழில் அது முதல் கதையாக வந்திருக்கிறது. அவரோடு வேலை பார்க்கும் பெண்கள் மதிய உணவு இடைவேளையில் அதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்பது இந்த ஆண்டு நமக்குக் கிடைத்த பெரிய விருது.

அடுத்து, வயது வரம்பு பற்றிய தீர்மானம். ‘இளம் படைப்பாளர்’ என்ற பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று கேள்வி எழுந்தது. சாகித்திய அகாதெமி 2011 முதல் வழங்கிவரும் யுவ புரஸ்கார் விருதுக்கு 35 வயதுதான் வரம்பு. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தரப்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் கவிதை எழுதிய உறுப்பினர் ஒருவர் எழுந்து, “அப்படியானால் நான் எழுதத் தொடங்குவதற்கு முன்பே முதியவனா?” என்று கேட்டார். விவாதம் சூடாகவே நடந்தது. கடைசியில் முடிவு செய்துவைத்தவர் பக்கத்துக் கிராமமான இடைசெவலைச் சேர்ந்த ஒருவர்தான். அவர் கூட்டத்துக்கு வரவில்லை, 2021இல் காலமாகிவிட்டார். கி.ராஜநாராயணன் 1923இல் பிறந்தவர். அவருடைய சிறுகதை ‘சரஸ்வதி’ இதழில் வந்து கவனம் பெற்றது 1950களின் கடைசியில், ஏறத்தாழ அந்த 35ஐ ஒட்டிய வயதில். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் கரிசலின் பெரிய கதைசொல்லி நம் பட்டியலின் வாசலிலேயே நின்றிருப்பார். எனவே வயதைக் கணக்கில் எடுப்பதில்லை என்றும், எழுதத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகாத எவரும் இளம் படைப்பாளரே என்றும் விதி திருத்தப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் மூவர். மூவரும் கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய கவலையும் நியாயமானது என்பதால், கையெழுத்துப் பத்திரிகையில் பாதிப் பக்கங்கள் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டன.

இடைசெவல் பேச்சு வந்த கையோடு, மார்கழியில் ஒரு நாள் உறுப்பினர்கள் பஸ் ஏறி அங்கே போய்வந்தோம். கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் அதே ஊரில், அதே 1923ஆம் ஆண்டில் பிறந்த பால்ய நண்பர்கள் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் விவசாயம் பார்த்துக்கொண்டு ஊரிலேயே தங்கினார். மற்றவர் பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்குப் போனார். இடையில் இருந்தவை கடிதங்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் நூலாகவே வந்திருக்கின்றன. படித்ததையும் கேட்ட சங்கீதத்தையும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருக்க முடியாத இரண்டு பேர். தமிழில் கரிசல் எழுத்து என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் ஒரே ஊரின் இந்த நட்பு இருக்கிறது. அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, அவர்களுடைய கதைகளை உட்கார்ந்து பேசியிருக்கிறார். நம்முடைய வட்டம் கடல் தாண்டிய இடத்தில் நமக்கு முன்பே நடந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

அழகிரிசாமிக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது 1970ஆம் ஆண்டுக்கு. அந்த ஆண்டே, 46 வயதில், அவர் இறந்திருந்தார். நம் வட்டாரத்துக்கு அதன்பிறகு கி.ரா. வழியாக 1991இலும், பூமணி வழியாக 2014இலும், சோ.தர்மன் வழியாக 2019இலும் அதே விருது வந்தது. 2023இல் உதயசங்கருக்குச் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார். ஊருக்கு இது கொஞ்ச நஞ்சப் பெருமையன்று. ஆனால் இவர்களில் இளையவர்கள் விருதை நம்பி எழுத வந்தவர்கள் அல்லர். காந்தி மைதானத்தில் மாலையில் கூடிப் பேசிய நண்பர் கூட்டம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. எழுதியதை அன்றைக்கே படித்துவிட்டு, நடு இரவு வரை அதைப் பற்றிச் சண்டை போட ஆள் இருந்தார்கள். டெல்லியிலிருந்து வரும் பாராட்டு வர வேண்டிய நேரத்தில் வரட்டும். பக்கத்து நாற்காலியிலிருந்து வருவது இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட வேண்டும்; அதற்காகத்தான் இந்த மாடியில் கூடுகிறோம்.

இதே காரணத்தால் செயற்குழு எடுத்த இன்னொரு முடிவையும் பதிவு செய்கிறேன். கட்டணம் கட்டினால் கவிதைத் தொகுப்பில் இடம், கூடுதலாகக் கட்டினால் ‘சாதனையாளர்’ சான்றிதழ், இன்னும் கொஞ்சம் கட்டினால் மேடையும் பதக்கமும் என்று இப்போது பல இடங்களில் வியாபாரம் நடக்கிறது. நம் உறுப்பினர் ஒருவரும் இப்படிப் பணம் கட்டினார். வந்த தொகுப்பில் அவருடைய கவிதைக்கு மேல் வேறொருவர் பெயர் இருந்தது. சான்றிதழில் மட்டும் பெயர் சரியாக இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் எந்த விருதையும் இனி நம் கூட்டத்தில் அறிவிப்பதில்லை. வாங்கியவர்களை யாரும் கேலி செய்யவும் கூடாது. படிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் சான்றிதழ் விற்கிறது.

ஓவியத் துறையையும் இந்த ஆண்டு முதல் சேர்த்துக்கொண்டோம். நம் பத்திரிகையின் அட்டைகளை வரைந்து தரும் தம்பியின் தந்தை கடைப் பலகை எழுதியவர். பிளக்ஸ் வந்தபின் அந்தத் தூரிகைக்கு வேலையில்லாமல் போனது. மகன் அதே தூரிகையில் தலைப்பெழுத்து எழுதுகிறார். கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசியபோது மூத்த உறுப்பினர் ஒருவர் கொண்டையராஜுவை நினைவூட்டினார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுகிறவராக வந்து, கோவில்பட்டியிலேயே தங்கி, வீடு வீடாகத் தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கிய சாமிப் படக் காலண்டர்களை வரைந்தவர். பழைய காலண்டர் படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் அருகருகே இருப்பதைப் பார்க்கலாம். இது எங்களுக்குப் பிடித்துப்போனது. அதனால் தை இதழ் முதல் ஒவ்வொரு படைப்பின் கீழும், எழுதியவர் பெயரோடு, அதை முதலில் படித்துத் திருத்தச் சொன்னவர் பெயரும் வருகிறது.

‘நான் ஏன் எழுதுகிறேன்’ என்று ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு பக்கம் எழுதித்தர வேண்டும் என்று பங்குனியில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதி, உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடக் கட்டுரை. சமுதாயத்தைத் திருத்துவதற்காக எழுதுவதாகப் பலர் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கவிதைகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. மனத்தில் நின்ற பக்கம் பஸ் நடத்துநராக இருக்கும் நண்பருடையது. “என் பஸ்ஸில் எல்லோரும் பாதிக் கதையோடு இறங்கிவிடுகிறார்கள். மருமகள் என்ன சொன்னாள் என்பது வரைக்கும் காதில் விழும், அதற்குள் எட்டயபுரம் வந்துவிடும். மீதியை நான்தான் முடிக்க வேண்டியிருக்கிறது” என்று எழுதியிருந்தார். டிப்போவில் கடைசி டிரிப்புக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் எழுதுகிறார். முன்பு டிக்கெட் கட்டின் அட்டையில் எழுதினாராம். மெஷின் வந்தபிறகு அந்த வசதி போய்விட்டதாக வருத்தம். இன்னொரு பக்கம், மூன்றே வரிகள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவருடையது: வீட்டில் தான் பேசும்போது யாராவது குறுக்கே பேசிவிடுகிறார்கள், தாளில் யாரும் குறுக்கே பேசுவதில்லை என்று.

செயலாளரின் பக்கம் எங்கே என்று கேட்டார்கள். அறிக்கையில் சொந்தக் கதை கூடாதுதான், கேட்டதால் சொல்கிறேன். என்னை எழுதவைப்பது பொறாமை. ஆடி மாதக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீரில் கையை வைத்திருக்கும் அந்த அம்மா என் கதைக்குள் ஏன் வரவில்லை என்ற எரிச்சல். விடியற்காலை எழுந்து, பல மாதங்களாக நின்றுபோயிருந்த கதையை எடுத்து உட்கார்ந்தேன். நண்பரின் நல்ல வரி ஒன்றைக் கேட்காத மாதங்களில் நான் ஒரு பக்கமும் எழுதியதில்லை என்பதை என் நோட்டுப் புத்தகமே காட்டுகிறது. ஆகவே இங்கே மற்றவர்களைக் கொண்டாடுவதில் எனக்குப் பெருந்தன்மை எதுவும் கிடையாது, சுயநலம்தான். இந்தச் சுயநலம் எல்லோருக்கும் வர வேண்டும் என்பது செயலாளரின் விருப்பம்.

மற்றவை சுருக்கமாக. கையெழுத்துப் பத்திரிகை மூன்று இதழ்கள் வந்தன, நான்காவது தாமதம். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு உறுப்பினர்கள் சேர்ந்து போய் வாங்கிய நூல்கள் வட்டத்தின் அலமாரியில் உள்ளன. இரவல் பெற்றவர்கள் திருப்பித் தரவும், குறிப்பாகத் தலைவர் அவர்கள். கடலை மிட்டாய் தந்து ஒவ்வொரு கூட்டத்தையும் இனிப்பாக்கிய கடைக்கார அண்ணாச்சிக்கும், கடனுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறது. ஒன்று, இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் பெண்கள் ஞாயிறு மாலையில் வர முடிவதில்லை என்பதால் ஒன்றுவிட்டு ஒரு மாதம் காலையில் கூடுவது. இரண்டு, கையெழுத்துப் பத்திரிகையில் வந்த கதைகளில் தேர்ந்தெடுத்தவற்றை அச்சு நூலாகக் கொண்டுவருவது; இதற்கு எழுதியவர்களிடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை, ஆளுக்கு ஐந்து பிரதி விற்றுத் தர மட்டும் கேட்பது. நிதி எங்கிருந்து வரும் என்ற பொருளாளரின் கேள்விக்கு இன்னும் விடை காணவில்லை. இன்றைய விவாதத்தில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்