டிரம் மீட்டர் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எச்டிகேம் டெக்குகளை, அதாவது சோனியின் உயர்தெளிவு வீடியோ டேப்பைப் பதிவுசெய்து ஓட்டும் கருவிகளை, பழுதுபார்க்க எங்களிடம் கொண்டுவருபவர்களுக்கு எங்கள் வேலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நாங்கள் "மீட்டரைத் திருப்பி வைத்துவிட்டுப் பழைய டிரம்மைப் புதியது என்று தலையில் கட்டுகிறோம்" என்ற பேச்சு சில நாட்களாக எடிட்டிங் அறைகளில் உலவுகிறது. டிரம் என்பது டேப்பைப் படிக்கும் ஹெட்கள் பொருத்திய, சுழலும் உருளை. சாட்சியாக ஒரு புகைப்படமும் கைமாறுகிறது. பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

அந்தப் படத்தில் தெரிவது டெக்கின் மணிக்கணக்கு மெனுவில் உள்ள எச்12 என்ற வரி. டிரம் எத்தனை மணி நேரம் சுழன்றது என்று காட்டும் இந்தக் கணக்கை, டிரம் மாற்றியவுடன் பூஜ்யமாக்க வேண்டும். டெக்கைத் தயாரித்த நிறுவனமே அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறது. பூஜ்யமாக்காமல் விட்டால் அடுத்து டெக்கைத் திறப்பவருக்கு எந்த டிரம் எவ்வளவு ஓடியது என்றே தெரியாது. டெக் புதிதாக வந்தது முதல் அதில் டிரம் சுழன்ற மொத்த நேரம் எச்02 என்ற வரியில் இருக்கிறது. அதைப் பூஜ்யமாக்க மெனுவில் வழியே இல்லை. படம் எடுத்தவர் அதே மெனுவில் எச்02-க்குப் போயிருந்தால், பல ஆயிரம் மணி நேரக் கணக்கு அப்படியே இருப்பதைக் கண்டிருப்பார். போகவில்லை, அல்லது போய்விட்டுச் சொல்லவில்லை.

"புதியது" என்ற சொல்லையும் நாங்கள் எழுதியதில்லை. சோனி, எச்டிகேம் உட்பட அரை அங்குல டேப் டெக்குகளின் விற்பனையை 2016 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. இன்று எங்களுக்குக் கிடைப்பவை புதுப்பித்த டிரம்கள்தான்; பில்லிலும் அப்படித்தான் இருக்கும். கழற்றிய டிரம்மைப் பெட்டியில் போட்டு உங்களிடமே தருகிறோம். குறை சொல்பவரின் அலமாரியிலும் ஒன்று இருக்க வேண்டும். லென்ஸ் வைத்து ஹெட் முனையைப் பார்த்தால் தேய்மானம் தெரியும்.

டிரம் மாற்றிய பிறகும், டேப்பிலிருந்து வரும் சிக்னலின் தரத்தைக் காட்டும் சேனல் கண்டிஷன் விளக்கு சிவப்பாக எரிகிறதே என்பவர்களுக்கு: முதலில் வேறொரு டேப்பைப் போட்டுப் பாருங்கள். ஈரத்தில் கிடந்த டேப் நல்ல ஹெட்டையும் அடைத்துவிடும். எச்டிகேமுக்குப் பிறகு வந்த எஸ்ஆர் (எச்டிகேம் எஸ்ஆர்) வகை டேப்பை எச்டிகேம் டெக்கில் ஓட்டித் தரச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்ஆர் டெக் எச்டிகேம் டேப்பைப் படிக்கும். எச்டிகேம் டெக்கால் எஸ்ஆர் டேப்பைப் படிக்க முடியாது. முடியாது என்று நாங்கள் சொல்வதில் எங்கள் பேராசை எதுவுமில்லை.

டிரம் பொருத்தி, டேப்பில் பதிவான தடத்தின் மேல் ஹெட் சரியாக ஓடும்படி டிராக்கிங் சரிசெய்துவந்த எங்கள் மூத்த டெக்னீஷியன் ஓய்வு பெற்றுவிட்டதால் வேலை முடியச் சற்றுக் கூடுதல் நாளாகிறது. அடுத்த மாதம் முதல் கட்டணப் பட்டியல் மாறுகிறது. டெக்குகளை வெளியே வாடகைக்கு அனுப்புவதும் நிற்கிறது.

இந்தப் பேச்சைக் கேட்டவுடன் நேரில் வந்து விசாரித்த பழைய வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. "உங்களைத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை எங்களுக்குப் பெரிய தெம்பு. இனி டெக்கை ஒப்படைக்கும்போது எச்02, எச்12 இரண்டையும் உங்கள் முன்னிலையில் படித்து ரசீதில் எழுதித் தருவோம். கையெழுத்திடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்