லைசென்ஸ்காரருக்கு மனசு சரியில்லை என்றால் துப்பாக்கியை என்ன செய்வது?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நம் துப்பாக்கிக் கடை அடைக்கிற நேரம். நமக்கு ரொம்ப நாள் பழக்கமுள்ள ஒரு முன்னாள் ராணுவக்காரரின் மகன் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் கோணிச் சாக்கு, அதற்குள் பழைய போர்வை, போர்வைக்குள் அப்பாவின் டபுள் பேரல் துப்பாக்கி. குழலை மடக்கிப் பார்த்தால் இரண்டிலும் தோட்டா அப்படியே இருக்கிறது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "அப்பா ராத்திரி தூங்கறதே இல்லண்ணா, வேலிக்கு வெளிய யாரோ நிக்கறாங்கன்னு சொல்றாரு, பாகாயம் மனநல ஆஸ்பத்திரில காட்டியிருக்கோம், இது வீட்ல வேணாம், நீங்க வெச்சிக்கோங்க" என்றார்.

நினைத்தது சரி, செய்த விதம்தான் தப்பு. லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது, மகன் பெயரில் இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் லைசென்ஸ்காரர் கூடவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் ரிப்பேர், ரினீவல், அவருடைய சொந்த உபயோகம் இவற்றுக்கு மட்டும்தான். வழியில் யாராவது சாக்கைப் பிரித்திருந்தால் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய பிள்ளை கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருப்பார். தோட்டாவை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். அவர்கள் வந்து எழுதி வாங்கிப் போகிற வரைக்கும் தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். கை நடுங்கி பாதி டீ பேண்ட்டில்தான் ஊற்றியது.

இதற்காகத்தான் இந்த மடல். நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள், மீதிப் பேர் காட்டுப்பன்றிக்குப் பயந்து லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள். எல்லாருக்கும் வயசாகிறது. லைசென்ஸ் வாங்கும்போது உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருப்பீர்கள். 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும். வியாதி அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டா வரும்?

வீட்டில் அப்படி ஒரு நிலைமை வந்தால் துப்பாக்கியை நீங்கள் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். லைசென்ஸ்காரர் தெளிவாக இருக்கிற நேரம் பார்த்து, அவரையும் லைசென்ஸ் புத்தகத்தையும் கூட்டி வந்தால் ஸ்டேஷனிலும் ஒப்படைக்கலாம், நம்மை மாதிரி லைசென்ஸ் உள்ள கடையிலும் பாதுகாப்புக்கு வைக்கலாம். எலெக்‌ஷன் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ரசீதில் துப்பாக்கி நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் பயப்படுவது, "பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்களா?" என்றுதான். ஆயுதச் சட்டத்தில் இருக்கிற வார்த்தை சித்த சுவாதீனம் இல்லாதவர் என்பது. அப்படிப்பட்டவருக்கு கலெக்டர் லைசென்ஸ் மறுக்கலாம், கொடுத்ததை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதால் மட்டுமே அவர் சித்த சுவாதீனம் இழந்தவர் ஆகிவிட மாட்டார், அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாம் ஆபத்தானவரும் இல்லை. அதே சமயம், பொது அமைதிக்கு ஆபத்து என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் காரணத்தை எழுதி வைத்துவிட்டு, லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியை எடுத்து வைக்கச் சொல்லலாம். அது வரைக்கும் போகவிடாமல் நாமே கொடுத்துவிட்டால் மரியாதையாகப் போகும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் யோசிப்பதில்லை. துப்பாக்கி போய்விட்டது, லைசென்ஸ் புத்தகம் பீரோவில் இருக்கிறது. அதைக் காட்டி வேறு கடையில் வாங்கினால் அந்தக் கடைக்காரருக்கு என்ன தெரியும்? அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் 2004-இல் மனநோய் உள்ள ஒருவரிடமிருந்து போலீஸ் துப்பாக்கிகளை எடுத்தது. வைத்துக்கொள்ளச் சட்டம் இல்லாததால் திருப்பிக் கொடுத்தது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் அவர் தன் தாயையும் ஜேக் லேர்ட் என்ற போலீஸ்காரரையும் சுட்டுக் கொன்றார். அடுத்த வருஷம் லேர்ட் பெயரிலேயே சட்டம் வந்தது. எடுத்தால் கோர்ட் விசாரணை, கோர்ட் வைத்துக்கொள்ளச் சொன்னால் 180 நாள் கழித்துத்தான் திருப்பிக் கேட்கலாம். அப்படியும் 2021-இல் அதே மாநிலத்தின் இண்டியானாபோலிஸ் நகரத்தில் துப்பாக்கிச் சூட்டில் 8 பேர் செத்தார்கள். சுட்ட பையனிடமிருந்து முந்தின வருஷமே ஒரு துப்பாக்கியை எடுத்திருந்தார்கள், ஆனால் விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை, அவன் புதுசாக வாங்கிக்கொண்டான். அங்கே நம்மைப் போல ஒவ்வொருவரும் லைசென்ஸுக்காகக் கலெக்டரிடம் போய் நிற்க வேண்டியதில்லை, கதை வேறு. ஆனாலும் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: துப்பாக்கியை ஒப்படைத்த கையோடு கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு லைசென்ஸ் பழைய வேலூர் மாவட்டத்தில் வாங்கியதாக இருக்கும், கடிதம் இப்போதைய மாவட்டத்துக்குப் போகட்டும்.

குணமான பிறகு கிடைக்குமா? லைசென்ஸ் உயிரோடு இருந்தால் கிடைக்கும். ரத்தாகிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம், அப்பீல் போகலாம். துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள வேறு ஒருவருக்கு விற்கவும் வழி உண்டு. ஸ்டேஷனிலோ கடையிலோ போட்டுவிட்டு மறந்தால்தான் வம்பு, குறித்த காலம் தாண்டினால் நோட்டீஸ் வரும், அப்புறம் அரசாங்கத்துக்குப் போய்விடும். தாத்தா காலத்துத் துப்பாக்கி அப்படிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். "பழக்கம்தானே, சும்மா கொடுங்க" என்று மட்டும் கடையில் வந்து நிற்காதீர்கள், பேப்பர் இல்லாமல் தர மாட்டேன், சித்தப்பாவே வந்து கேட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. இந்த மாதிரி விஷயத்துக்கு என்றால் எந்த நாளும் போன் எடுப்பேன், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் துப்பாக்கிக் கடைக்காரர், வேலூர்