பதிவே இல்லையாம், படத்தில் இருக்கும் நோட்டு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு தம்பியைப் பேட்டி கண்டு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். நம் பிள்ளைகள் படித்து மேலே வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? நானும் சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். நடுவில் தம்பி சொல்கிறார்: "தோட்ட மக்களிடம் எழுத்துப்பூர்வமான பதிவு எதுவும் இல்லை. வாய்மொழிக் கதைகள் மட்டுமே." அதைக் கொட்டை எழுத்தில் தனிக் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள்.

பக்கத்திலிருக்கும் படத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். தம்பியின் இடது கை ஓரம், மடிக்கணினிக்குப் பின்னால், முருகன் காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு நோட்டு தெரிகிறது. அது என் அப்பாவுடைய நோட்டு. படம் எடுத்தவருக்கு நல்ல கேமரா, அட்டையின் கிழிசல்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

அப்பா சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். (2007இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள். ஆக்கட்டும்.) காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் பிடித்த காலத்தில், எந்த லயத்திலிருந்து யார் போனார்கள், என்ன வயது, இந்தியாவில் எந்த ஊர் என்று ஒவ்வொருவராக எழுதி வைத்தார். திரும்பி வந்தவர் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலில் ஒரு புள்ளி. ஒரு புள்ளிகூட இல்லாத பக்கங்களும் அந்த நோட்டில் உண்டு. அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லறை வரிசை வரிசையாக நிற்கிறது. அதே 415 கிலோமீட்டரில் விழுந்த நம் ஆட்கள் பல்லாயிரம் பேருக்கு அப்படி ஒரு கல் இல்லை. இது ஆசிரியர் அவர்கள் அறியாததல்ல, நீங்களே தலையங்கம் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இருந்த ஒரே கல் அந்த நோட்டுதான்.

"ஸ்கேன் பண்ணிட்டு அடுத்த வாரமே கொண்டாந்து குடுத்துடுறேன் டீச்சர்" என்று சொல்லித்தான் வாங்கிப் போனார். அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நெத்திலிச் சம்பலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அவருடைய நெறியாளருக்கும் எழுதினேன். அந்த அம்மையார் மிகவும் வேலையாக இருப்பார் போலிருக்கிறது.

இவர் ஒருவரை மட்டும் சொல்லவில்லை. இதற்கு முன் ஒரு மாணவி வந்தார். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து, சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். எதற்குக் கையெழுத்து, பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாமா, சொன்னதைத் திரும்பப் பெறலாமா, ஒன்றும் சொல்லவில்லை. பெயரை மறைத்துவிடுவோம் என்றார், மறைக்கவும் மறைத்தார். ஆய்வேட்டில் அக்கா "பதிலளிப்பாளர் 7". கூடவே, "கோயிலுக்கு அடுத்த வீட்டில் வசிக்கும், ஆயாக் கொட்டகையில் வேலை செய்த கைம்பெண்" என்று விளக்கம். எங்கள் ஊரில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? புருஷனின் குடியைப் பற்றி அக்கா அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. இணையத்தில் ஏற்றியிருந்ததை யாரோ தேடிப் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை.

இன்னொருவர் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடையில் தே தாரேக் டீ குடித்தபடி, தானே வினாநிரல்களில் கோடு போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "எல்லாரும் ஒரே பதிலைத்தானே சொல்றீங்க ஆன்ட்டி" என்றார். இப்போது அவர் டாக்டர். வாழ்க.

நம்மைக் கேட்காமல் நம்மை ஆராய்வது இந்த நாட்டில் புதிதல்ல. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் மற்றவர்களுக்குச் சயாம் பச்சரிசியும் போட்டு, யாருக்கு பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் வருகிறது என்று வெள்ளைக்கார டாக்டர் பிளெட்சர் கணக்கெடுத்தார். பச்சரிசிக்காரர்களுக்கு வந்தது, செத்தும் போனார்கள். மருத்துவத்துக்கு அதனால் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நியூரம்பெர்க் நெறிமுறைக்கு முந்திய காலம். ஆளின் சம்மதம் இல்லாமல் ஆள்மீது சோதனை கூடாது என்று 1947இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இப்போது பல்கலைக்கழகங்களில் ஆய்வு நெறிக் குழு இருக்கிறது, அதன் அனுமதி எண்ணை ஆய்வேட்டில் அச்சடிக்கிறார்கள். இல்லாததை இட்டுக்கட்டுவது, இருப்பதைத் திரிப்பது, அடுத்தவன் உழைப்பைத் தன்னுடையதாக்குவது, மூன்றும் ஆய்வு முறைகேடு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்களாம். கையில் வைத்துக்கொண்டே இல்லை என்பது இந்த மூன்றில் எதில் சேரும் என்று அந்த நெறியாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கைகொடுக்குமா என்று வக்கீலாக இருக்கும் தங்கை மகனைக் கேட்டேன். அது வியாபாரப் பரிவர்த்தனைக்கான சட்டம் பெரியம்மா, இதற்கு ஆகாது என்றான்.

உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் பழைய தோட்டத்து இடுகாட்டுப் பாதை பற்றி நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாக்கி, சமையல் குறிப்புக்குக் கீழே போட்டீர்கள். பரவாயில்லை, அந்த ரசப்பொடி நன்றாக வந்தது. ஆனால் முழுப்பக்கம் போடும்போதாவது, "இதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் தம்பி?" என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், படத்தில் காணும் நோட்டு எங்கள் தோட்டத்துப் பெயர்ப் பதிவு என்று இரண்டு வரி போடுங்கள். இத்துடன் வைத்துள்ள இன்னொரு கடிதத்தைத் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள், அவர் எண் உங்களிடம் இருக்கும். நோட்டை போஸ் லாஜு விரைவு அஞ்சலில் போட வேண்டாம், தாள் தொட்டாலே உதிர்கிறது. என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் எங்கள் தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகட்டும். மதியம் ஒரு மணிக்குள் வந்தால் ஆள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.