ஊசி உடைந்த பதினேழு நிமிடம் யார் கணக்கு?

மேலாளர் ஐயாவுக்கும், ஸ்டாப்வாட்சில் எங்கள் வேலையை அளந்து டார்கெட் போடும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) தம்பிகளுக்கும் வணக்கம்.

நாலாவது லைனில் உடுப்புக்குக் கை ஜாயின்ட் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக் கணக்கில், 80 பீஸ் டார்கெட்டுக்கு நான் அடித்தது 57 என்று சிவப்பு மையில் எழுதி மைக்கில் வாசித்தது நீங்கள்தான், அதனால் முன்கதை வேண்டாம்.

அந்த மணியில் என் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். துண்டு எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி. சரி, குழந்தை உடுப்புக்குள் ஊசி முனை போனால் என்ன ஆகும் என்று பிள்ளை பெற்ற எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். காந்தத்தை வைத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் முட்டி போட்டுத் துழாவினேன், உதவிக்கு நிற்கும் கைமடிப் பெண்ணும் கூடத் தேடினாள், கடைசியில் என் ஏப்ரன் மடிப்பிலேயே இருந்தது. பதினேழு நிமிடம். மணிக்கு 80 பீஸ் என்றால் பீஸுக்கு 45 நொடி, கழித்துப் பாருங்கள், சரியாக 57 வரும். மீதி நேரத்தில் ஒரு பீஸ்கூட நான் குறைக்கவில்லை. ஷீட்டில் "ஸ்லோ" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அலவன்ஸ் கொடுத்திருக்கிறோம் என்பீர்கள். பீஸுக்கு 38 நொடி அளந்து, அலவன்ஸ் என்று 7 நொடி கூடுதலாகச் சேர்த்தீர்கள், மணிக்கு ஒன்பது நிமிடம் சொச்சம். நூல் அறுவது, தண்ணீர், பாத்ரூம் எல்லாம் அதற்குள்தான். பதினேழு எப்படி அடங்கும்? ஊசி தேடும் நேரத்தை எங்கள் தலையில் எழுதாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நீங்கள் வந்து நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். துணியைத் தானே மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரை மிஷினில் மாட்டியதில் பக்கத்து அக்காவுக்கு மணிக்கட்டு வலி பாதி போனது. முன்பெல்லாம் சூப்பர்வைசர் வாய்தான் டார்கெட், வேண்டியவர்களுக்கு லேசான பண்டில். இப்போது எல்லாருக்கும் ஒரே எண்.

ஆனால் ட்ரெயினிங்கில், வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த, எங்கள் பெயரையே வைத்திருக்கும் அந்த அமெரிக்க ஃபிரெடரிக் டெய்லர் படத்தைக் காட்டி, பெத்லஹேம் இரும்பு ஆலையில் ஒரு ஆள் ஒரு நாளில் தூக்கிய 12½ டன் இரும்பை 47½ டன் ஆக்கினார் என்றீர்களே, அந்த ஆளுக்கு நாள் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பி.பி.ஏ. படிக்கும் என் மகள்தான் மீதியைத் தேடிச் சொன்னாள். சைக்கிள் பால்ரஸ் குண்டு செக்கிங் பார்த்த பெண்களுக்குப் பத்தரை மணி வேலையை எட்டரையாக்கி, ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓய்வும் கொடுத்தாராம். (120 பேர் செய்த வேலைக்கு 35 பேரை வைத்துக்கொண்டதையும் சொன்னாள். அது உங்கள் காதுக்கு எட்டாமலே இருக்கட்டும்.) அவரிடமிருந்து ஸ்டாப்வாட்சை மட்டும் வாங்கி வந்தீர்கள் போல.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஓய்வு, கூலி எல்லாம் அப்புறம் பேசலாம். இப்போதைக்கு மணிக்கணக்கு ஷீட்டில் "ஊசி" என்று ஒரு கட்டம் போட்டு, அந்த நேரத்தைக் கழித்து எழுதுங்கள் ஐயா. செவ்வாய்க்கிழமை ஷீட்டையும் திருத்தினால் நன்றாக இருக்கும்.

நன்றியுடன்,
லைன் 4, மிஷின் 6
திருப்பூர்